ஒன்பது பாத்திரங்களும் உங்கள் அக்காவும் திருப்பி அனுப்பப்பட வேண்டியது குறித்து

கோபாலபுரம்,
டிசம்பர் 11, வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் திரு. தங்கதுரை அவர்களுக்கு,

அர்த்தநாரி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். பதினொரு நாட்களாகத் தான் வடித்த சோற்றைத் தானே தின்றும் ஒருவர் உயிரோடு இருப்பதற்கு நலம் என்று பெயரானால், பூரண நலம். மூணாறில் தாங்களும், தங்களுடைய தங்கும் விடுதியும், அதன் மாடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும் தங்கள் புதல்வன் லோகேஷும் நலமாக இருப்பதில் எனக்கு ஐயமில்லை. நலமில்லாமல் போக உங்களுக்கு என்ன குறை? அங்கேதான் சமையலுக்கு ஆள் வந்து சேர்ந்தாகிவிட்டதே.

கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து தங்கள் புதல்வன் இரவல் வாங்கிச் சென்ற ஒன்பது பாத்திரங்களும், அவற்றோடு அதே வேனில் ஏறிச் சென்ற உங்கள் அக்காவும் என் மனைவியுமாகிய சிவசங்கரியும், இம்மாதம் இருபதாம் தேதி வட்டவடையில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிக்கு முன்பாக இங்கே வந்து சேர வேண்டும். பாத்திரங்கள் நசுங்கியிருந்தால் பொறுத்துக்கொள்வேன். மற்றதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நடந்ததைத் தாங்கள் லோகேஷின் வாயால் மட்டுமே கேட்டிருப்பீர்கள். அவன் கலைஞன், உண்மை சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. நான் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன், அதிலும் ஒலியியலை ஒரு தனித்தாளாகப் படித்துத் தேறியவன், ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகமான வாயனசாலையின் ஆண்டு விழாவுக்கு அவனுடைய தட்டுமுட்டுக் குழுவை அழைத்த கடிதத்தில் செயலாளர் என்ற முறையில் கையொப்பமிட்டவன் நானே. 'நம்ம லோகேசு கச்சேரி பண்றானுங்க' என்றுதான் உங்கள் அக்கா சொன்னதாக எனக்கு நினைவு. என்ன கச்சேரி, எதில் வாசிக்கிறார்கள் என்பதையும் மூன்று முறை சொன்னதாகவும், மூன்று முறையும் நான் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அவர் பிற்பாடு வாதிட்டார். அதற்குச் சாட்சி இல்லை. நான் எதிர்பார்த்தது வாய்ப்பாட்டு. வயலின் ஒன்று இருக்கும், மிருதங்கம் ஒன்று இருக்கும், பாடகருக்கு ஒரு செம்பில் சுடுதண்ணீர் வைக்க வேண்டியிருக்கும் என்ற அளவிலேயே நான் ஏற்பாடுகளைச் சிந்தித்திருந்தேன்.

விழாவுக்கு நான்கு நாட்களுக்கு முன்பு லோகேஷ் வாசலில் வேனை நிறுத்தி, 'மாமா, பங்சனுக்குப் பாத்திரம் வேணுங்க' என்றான். எங்கள் பக்கத்தில் ஒருவர் விசேஷத்துக்குப் பாத்திரம் கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை. கேட்பது கொடுக்க மனமில்லை என்பதற்குச் சமம். அதற்காகத்தானே ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும் பெயர் வெட்டி வைத்திருக்கிறோம்? எந்த ஊர்ப் பந்திக்குப் போனாலும் பெயரைப் பார்த்து வீடு திரும்பும். வாயனசாலைக்காரர்கள் இந்த ஆண்டு விருந்தே போடப்போகிறார்கள் போலும், செயலாளரிடம் சொல்லாமல் செய்து வியப்பளிக்க எண்ணியிருக்கிறார்கள் போலும் என்று நான் நெகிழ்ந்து, ஏணி போட்டுப் பரணில் ஏறி, உருளி, இரண்டு பித்தளைக் குடம், அண்டா, இட்லிக் கொப்பரை என்று ஒவ்வொன்றாக நானே இறக்கினேன். உருளியை என் வேட்டி முனையால் துடைத்து, 'கோ. அர்த்தநாரி, கோபாலபுரம்' என்ற எழுத்து வெளியே தெரியும்படி வைக்குமாறு லோகேஷிடம் சொன்னதும் நானே. 'கண்டிப்பாத் தெரியுமுங்க மாமா, நீங்க கவலைப்படாதீங்க' என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அந்த நான்கு நாட்களும் அவன் எங்கள் அடுக்களையிலேயே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். விடுதிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு கண்ணில் படுவது அபூர்வம் என்று எண்ணி இரக்கப்பட்டேன். அவன் அடுக்களைச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் திரை விலகியது. நான் முன் வரிசையில், என் வலப்புறம் தென்னந்தோப்புப் பங்காளி சுருளிவேல், இடப்புறம் வார்டு மெம்பர் மாரீஸ்வரி. பின்னால் முந்நூறு பேர். மேடையில் மிருதங்கம் இல்லை. வாளி, துடைப்பம், முறம், பிரஷர் குக்கர், மாவு சலிக்கும் சல்லடை. இவற்றைப் பார்த்ததும் மேடையை இன்னும் கூட்டி முடிக்கவில்லை என்று நினைத்து, முன்னேற்பாட்டில் நேர்ந்த குறைக்காக மெம்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வாசிக்கத் தொடங்கினார்கள். உண்மையை மறைக்கும் பழக்கம் எனக்கில்லை: நன்றாக இருந்தது. இரண்டு பெண்கள் முறத்தில் அரிசியைப் புடைத்ததும் கூடத்துக்குள்ளேயே மழை பிடித்துக்கொண்டது. குடங்களில் வெவ்வேறு அளவுக்குத் தண்ணீர் ஊற்றித் தட்டி ஏழு சுரமும் எழுப்பினார்கள். குக்கர் விசில் சரியான இடத்தில், சரியான சுருதியில் வந்து விழுந்தபோது சுருளிவேல் என் தொடையில் அடித்து, 'ஏனுங்க, எங்க ஊட்டுக் குக்கரு இருவது வருசமாக் கத்துது, ஒரு நாளாச்சும் இப்படிக் கத்துச்சுங்களா?' என்றார். பந்தியும் இல்லை, பாயசமும் இல்லை என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆயினும் கலைக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுத்திருக்கக் கூடாது. மூன்றாம் உருப்படிக்குத் திரை விலகியது. பின்னால் பெரிய திரையில் தலைப்பு: 'காலை ஆறரை மணி'. மேடையின் ஒரு பக்கம் அடுக்களை. மறுபக்கம் ஒரு மர நாற்காலி. நாற்காலியில் மூக்குக் கண்ணாடியும் மேல்துண்டுமாக ஓர் ஆசாமி செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறார். அடுக்களையில், நான் அரங்கின் பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருப்பதாக எண்ணியிருந்த உங்கள் அக்கா. எதிரே என் உருளி. கேமராக்காரர் உருளியின் கழுத்தை நெருங்க, பெரிய திரையில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழ உயரத்துக்கு 'கோ. அர்த்தநாரி, கோபாலபுரம்' என்று எழுந்து நின்றது. வெளியூர்க்காரர் எவருக்கேனும் சந்தேகம் இருந்திருந்தால் அத்தோடு தீர்ந்தது.

நாற்காலி ஆசாமி இருமினார். உங்கள் அக்கா காப்பி டம்ளரை மேடையில் வைத்தார். வைத்த விதம் டங் என்றது. ஆசாமி செய்தித்தாளைப் படபடவென்று உதறித் திருப்பினார். உங்கள் அக்கா உருளியின் மேல் மூடியைப் போட்டார். மூடி நின்று சுழன்று, சுழன்று, அடங்கியது. ஆசாமி 'சர்க்கரை' என்றார். அந்த உருப்படி முழுவதிலும் வாயால் பேசப்பட்ட ஒரே சொல் அதுதான். அதற்கு அடுக்களையிலிருந்து கரண்டி, தோசைக்கல், கொப்பரை, குடம் எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் பதில் சொல்லின. கூடத்தில் பெண்கள் பக்கம் வெடித்த சிரிப்பு, ஆண்கள் பக்கத்தை அரை நொடி முந்திக்கொண்டது. ஒலி எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில்தான் செல்லும் என்று படித்தவன் நான். சென்றது ஒலி மட்டுமல்ல என்பது அந்த அரை நொடியில் எனக்குப் புரிந்தது.

இதோடு நின்றிருந்தால்கூட கலை என்று விட்டிருப்பேன். பெண்கள் வாய்விட்டே உரை சொல்லத் தொடங்கினார்கள். கரண்டி கல்மேல் விழுந்தால், பின்னாலிருந்து ஒரு குரல்: 'அது குடிச்ச டம்ளர அங்கயே வெச்சுட்டுப் போனதுக்கு!' கொப்பரை அதிர்ந்தால், இன்னொரு குரல்: 'அது ஒரம்பரைச் சனம் வந்து வாசல்ல நின்னப்பறம் எலை போடச் சொன்னதுக்கு!' மூடி சுழன்று நெடுநேரம் அடங்காதிருந்தபோது எவருக்கும் விளங்கவில்லை. எல்லாரும் மெம்பர் மாரீஸ்வரியைப் பார்த்தார்கள். அவர் சற்றே யோசித்து, வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் வாசிக்கும் குரலில், 'இது வந்துங்க, புதுச்சேலை கட்டிட்டு முன்னால நின்னும் ஒண்ணுஞ் சொல்லாததுக்கு' என்று தீர்ப்பளித்தார். முந்நூறு பேரும் கைதட்டினார்கள். சுருளிவேல் மட்டும் தட்டவில்லை. அவர் தம் வீட்டு அடுக்களையில் கேட்கும் சத்தங்களை நினைவில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

தங்கதுரை அவர்களே, இருபத்தெட்டு ஆண்டுகளாக என் வீட்டுப் பாத்திரங்கள் கீழே விழுவதற்குப் புவியீர்ப்பே காரணம் என்று நான் நம்பி வந்திருக்கிறேன். சில நாட்களில் அது அதிகமாக இருப்பதையும் கவனித்திருக்கிறேன். கைகள் வழுக்குகின்றனவோ என்று கருதி ஒரு முறை சோப்பைக்கூட மாற்றினேன்.

நிகழ்ச்சி முடிந்தது. நிரலில் அடுத்து இருந்தது: 'நன்றியுரை: செயலாளர் திரு. அர்த்தநாரி'. மேடை ஏறினேன். ஒலிவாங்கியின் முன் நின்றதும், என்னையறியாமல், பேசுவதற்கு முன் எப்போதும் செய்வதைப் போல இருமினேன். அதன் பிறகு நான் பேசியது எவர் காதிலும் விழவில்லை. கைதட்டல் அடங்க எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது; நான் அதற்குள் இறங்கிவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் முதலில் அகப்பட்டவர் நாற்காலி ஆசாமி. பெயர் சூசையப்பன், மூணாறுப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலையாம். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, 'ஐயா, தப்பா எடுத்துக்கிடாதீக. எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதான். மத்ததெல்லாம் வந்திருச்சு, அந்த இருமல்தான் இன்னும் சரியா விழ மாட்டேங்குது. நீங்க ஒருக்கா இருமிக் காட்டுனீகன்னா புண்ணியமாப் போகும்' என்றார். நான் இருமிக் காட்டவில்லை.

அதற்குள் உங்கள் அக்கா வந்தார். 'இது என்ன கூத்து?' என்று கேட்டேன். இரண்டே சொல் கூடுதலாகக் கேட்டிருப்பேன். அவை இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். அவர் குரலை உயர்த்தவில்லை. 'இருவத்தெட்டு வருசமாத் தட்டறனுங்க. இன்னைக்குத்தான் உங்க காதுல உளுந்துது' என்றார். வீட்டுப் பொருளை வைத்து வீட்டையே சந்தி சிரிக்க வைப்பதா, உருளியில் வெட்டியிருப்பது யார் பெயர் என்று கேட்டேன். 'சட்டியில உங்க பேருதானுங்க. சத்தம் மட்டும் என்னோடதுங்க' என்றார். இதற்குரிய பதிலை நான் தொடங்குவதற்குள் லோகேஷ் குறுக்கே வந்து, 'அத்தெ, வண்டி நிக்குது' என்று சொல்லிவிட்டான். மூணாறில் ஒன்று, மறையூரில் ஒன்று, வட்டவடையில் ஒன்று என்று மூன்று நிகழ்ச்சிகளாம். இட்லி மாவு பிரிட்ஜில் இருப்பதாகவும், இரண்டு நாளைக்கு வரும் என்றும், அப்புறம் புளித்துவிடும் என்றும் தெரிவித்துவிட்டு உங்கள் அக்கா வேனின் முன்னிருக்கையில் ஏறினார். மடியில் என் உருளி. எழுத்து வெளியே தெரியும்படி வைத்திருந்தார்.

மாவு சொன்னபடியே மூன்றாம் நாள் புளித்தது.

இங்கே என் நிலைமையைத் தாங்கள் அறிய வேண்டும். பால் சொசைட்டிக்குப் போனால் வரிசையில் நிற்பவர்கள் இருமுகிறார்கள். ரேஷன் கடையில் இருமுகிறார்கள். செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி பஸ் ஏறினால், தமிழ்நாட்டு அரசின் ஊதியம் பெறும் கண்டக்டர் இருமிவிட்டுச் சீட்டுக் கிழிக்கிறார். தேங்காய் லாரியை நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்கும் இந்த எல்லையில், அந்த இருமல் மட்டும் யாரும் எதுவும் கேட்காமல் இரு மாநிலங்களுக்கும் போய் வருகிறது. என் மகள் செல்வப்பிரியா பெங்களூரிலிருந்து வீடியோவில் அழைத்து, 'அப்பா, அம்மா சூப்பரா வாசிக்கிறாங்கப்பா, எங்க ஆபீஸே பாத்துருச்சு' என்றாள். 'நீ எப்போதிலிருந்து அந்தச் சத்தங்களுக்குப் பொருள் தெரிந்தவள்?' என்று கேட்டேன். 'ரெண்டாங்கிளாஸ்லருந்துங்கப்பா' என்றாள். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்தது முதுகலை வரைக்கும் பாடத்திட்டத்தில் வரவில்லை. நான் என்ன செய்ய?

சுருளிவேல் மட்டும் இருமுவதில்லை. அவர் இப்போதெல்லாம் குடித்த டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்ப்பதாகக் கேள்வி. ஆண்டு விழாவின் ஒரே பயன் அதுவாக இருக்கலாம்.

வீட்டில் சத்தம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பதிவாகச் சொல்கிறேன். நேற்றுக் காலை ஆறரை மணிக்குக் காப்பி நானே போட்டு, நானே கொண்டுவந்து, நானே என் முன்னால் வைத்துக்கொண்டேன். டம்ளர் மேசையில் இறங்கியபோது எந்தச் சத்தமும் எழவில்லை. நான் அவ்வளவு மெதுவாகத்தான் வைத்திருக்கிறேன். சர்க்கரை போட மறந்திருந்தேன். சர்க்கரை என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரிடம் சொல்வது? அடுக்களைக்குள் போய், மிச்சமிருந்த ஒரு வாணலி மூடியை எடுத்து, ஓர் ஆராய்ச்சிக்காக, சற்றே ஓங்கிப் போட்டேன். சுழன்றது, சுழன்றது, அடங்கியது. கேட்பதற்கு ஆளில்லாத வீட்டில் மூடி போடுவது எவ்வளவு வீண்வேலை என்பதும், அதை ஒருவர் எத்தனை ஆண்டு செய்திருக்கிறார் என்பதும் ஒரே நேரத்தில் மனத்தில் வந்தன. ஆராய்ச்சியை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

இவை ஒருபுறம் இருக்க, அந்த உருப்படியில் உள்ள உண்மைப் பிழைகளைச் சுட்டிக்காட்டுவது படித்தவன் என்ற முறையில் என் கடமை. நான் செய்தித்தாளை உதறுவதில்லை. நான்காக மடித்து முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவேன். சூசையப்பன் உட்காரும் நாற்காலி எந்தக் கூடத்திலிருந்தோ எடுத்தது, வாய்திறப்பதே இல்லை. என் நாற்காலியின் இடது பின்கால் உட்காரும்போது ஒரு முறையும் காப்பி வரத் தாமதமானால் இரண்டு முறையும் முனகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருமல் டம்ளருக்கு முன்னால் வராது. டம்ளர் வந்து, ஒரு வாய் குடித்து, சர்க்கரை குறைவு என்று தெரிந்த பிறகே வரும். அதை முன்னால் கொண்டுபோய்ப் போட்டதால்தான் அடுக்களையின் பதிலுக்குக் காரணமே இல்லாமல், உங்கள் அக்கா ஏதோ வெறுமனே கோபக்காரர் என்பதுபோல் ஆகிவிடுகிறது. அவர் அப்படிப்பட்டவர் அல்லர். காரணம் எப்போதும் இருந்திருக்கிறது. முந்நூறு பேர் முன்னிலையில் என்னைத் தவறாகக் காட்டியதைக்கூட மறப்பேன். அவரைத் தவறாகக் காட்டியதைக் கண்டிக்கிறேன்.

தொலைபேசியில் தாங்கள், 'விடுங்க மச்சான், அக்கா இத்தன வருசத்துல நாலு நாள் ஊரு பாத்துட்டுப் போகட்டும்' என்றீர்கள். நான்கு நாள் என்பது பதினொன்றாகிவிட்டது. எனவே இறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்: வட்டவடை நிகழ்ச்சியில் உங்கள் அக்கா பங்கு பெறுவதை நான் ஏற்கவில்லை. உருளியை ஏற்கவில்லை. என் பெயர் தாங்கிய எந்தப் பொருளும் இனி எந்த மேடையிலும் ஏறக் கூடாது. தவறினால் வாயனசாலைச் செயலாளர் பொறுப்பைத் துறப்பேன்; உங்கள் இல்லத்து விசேஷம் எதற்கும் இனி எங்கள் வீட்டிலிருந்து ஒரு சோற்றுக் கரண்டியும் வராது.

தங்கள் விடுதியில் பருவம் தவறாமல் கூட்டம் நிறையவும், தங்கள் புதல்வன் கலை உலகில் மேன்மேலும் உயர்ந்து அடுத்து வேறு யார் வீட்டு அடுக்களையிலாவது போய் உட்காரவும், மலைக்குளிர் தங்களுக்கு ஒரு குறையும் செய்யாதிருக்கவும் மாசாணியம்மனை வேண்டி அமைகிறேன்.

இங்ஙனம்,
கோ. அர்த்தநாரி, எம்.எஸ்ஸி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். 'ஏனுங்க, இது நீங்கதானுங்களா?' என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்படி நான் கேட்பது வழக்கமில்லையாம். சூசையப்பனுக்குத் தொழிற்சாலையில் லீவு மறுக்கப்பட்டதாம். இருபதாம் தேதி நாற்காலியில் உட்கார ஆள் இல்லையாம். 'வேற யாரையாச்சும் உக்கார வெச்சுக்கறமுங்க, அந்த இருமலுக்குத்தான் யாரும் ஆகமாட்டீங்கறாங்க' என்றார். ஆகமாட்டார்கள்தான். அதற்கு இருபத்தெட்டு வருடப் பயிற்சி வேண்டும்.

ஆகவே மேலே எழுதியவற்றில் இட்லி மாவு புளித்த செய்தியைத் தவிர மற்றவை அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். பத்தொன்பதாம் தேதி அதிகாலைப் பஸ்ஸில் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு வந்து சேருவேன். என் நாற்காலியைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக் கொண்டுவருகிறேன். வட்டவடைக்கு ஜீப் சொல்லி வைக்கவும், ஜீப்பின் மேல் கட்டக் கயிறும் எடுத்து வைக்கவும். ஆசாரியை வரவழைத்து, நாற்காலியின் பின்கட்டையில் பெயர் வெட்டச் சொல்லியிருக்கிறேன். 'சிவசங்கரி, கோபாலபுரம்' என்று. நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலியும் அதில் உட்கார்ந்திருப்பவரும் யாருடைய பொருள், யாரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதில் எவருக்கும் குழப்பம் வரக் கூடாது அல்லவா?